ஓட்டில் முந்தியவருக்கு டெலிகேட் குறைவது எப்படி? அமெரிக்க பிரைமரி, காக்கஸ் கணக்கு

கோபி_வாய்க்கால் எழுதியது:

வணக்கமுங்க. ஈரோட்டுல கல்லூரிப் பசங்களுக்கு ஒரு வினாடி வினா நடத்தறோம். அதுல ஒரு சுற்று அமெரிக்கத் தேர்தல். 2025-ல அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல வரியை 50% ஆக்கின பொறவு திருப்பூர்ப் பக்கம் நூல் விலைக்கு அடுத்தபடியா பேசறது அந்த ஊர் அரசியலைத்தான், அதனால பசங்களும் நெறைய படிச்சுட்டுத்தான் வருவாங்க. நவம்பர் தேர்தலும் எலக்டோரல் காலேஜும் சிக்கல் இல்லை. அதுக்கு முந்தின கட்டம், கட்சிக்குள்ள வேட்பாளரை முடிவு பண்ற பிரைமரியும் (வாக்குச்சாவடி ஓட்டு) காக்கஸும்தான் (கட்சிக் கூட்டம்) பிடிபடலை.

மூணு இடத்துல இடிக்குது. 2008 நெவாடாவில் ஹிலரி கிளின்டனுக்கு 51%, ஒபாமாவுக்கு 45%. ஆனா டெலிகேட் (கட்சி மாநாட்டுல வேட்பாளருக்கு ஓட்டுப் போடற பிரதிநிதி) ஒபாமாவுக்கு 13, கிளின்டனுக்கு 12. 2016 தெற்கு கரோலினாவில் டிரம்ப் வாங்கினது 32.5%, டெலிகேட் 50-க்கு 50. 2020 கலிஃபோர்னியாவில் எலிசபெத் வாரனுக்கு 13% ஓட்டு, மாநில அளவிலான டெலிகேட்ல ஒண்ணுகூட இல்லை. ஒரே நாட்டுல இது எப்படிங்க மூணு கணக்கா இருக்கு? விடைத்தாள்ல விளக்கம் போடோணும், அதனால கணக்கோட சொன்னா நல்லது.

நொய்யல்கரை எழுதியது:

நாடு ஒண்ணுதானுங்க, ஆனா இது கட்சியோட தேர்தல். பல மாநிலத்துல ஓட்டுப்பெட்டி வெக்கறது அரசாங்கமா இருக்கலாம். எந்த ஓட்டுக்கு எத்தனை டெலிகேட்னு முடிவு பண்றது கட்சி. ரெண்டு கட்சிக்கும் விதி வேற, கட்சிக்குள்ளயும் மாநிலத்துக்கு மாநிலம் வேற. உங்க மூணு கேள்வியில ரெண்டு டெமாக்ரட், ஒண்ணு ரிபப்ளிகன். நான் டெமாக்ரட் பக்கத்தைச் சொல்றேன், ரிபப்ளிகன் பக்கத்துக்கு காளை வருவார்.

டெமாக்ரட் கட்சியில எல்லா மாநிலத்துக்கும் விகிதாசாரம்தான். ஜெயிச்சவருக்கே மொத்தமும் என்பது கிடையாது. 1972-ல கலிஃபோர்னியா பிரைமரியில மெக்கவர்ன் 43.5% ஓட்டோட 271 டெலிகேட்டையும் ஒட்டுக்கா அள்ளிட்டுப் போனார். மாநாடு வரைக்கும் அதுல சண்டை. அந்த முறையைக் கட்சி அப்பறம் எடுத்துடுச்சு.

ஒரு மாநிலத்துக்கு எத்தனை டெலிகேட் என்பதுக்கு, கடந்த மூணு அதிபர் தேர்தல்ல அங்கே கட்சி வாங்கின ஓட்டையும் அந்த மாநிலத்தோட எலக்டோரல் ஓட்டையும் சேர்த்து ஒரு சூத்திரம் இருக்கு. அதுல வர்ற அடிப்படை எண்ணில் 75% தொகுதி வாரியா போகும், 25% மாநில அளவுல. அதுக்கு மேல அடிப்படை எண்ணுல 15%-ஐக் கூட்டி, கட்சிப் பொறுப்பிலும் பதவியிலும் இருக்கறவங்களுக்குன்னு ஒதுக்குவாங்க (இவங்க சூப்பர் டெலிகேட் இல்லை, குழப்பிக்காதீங்க). 2020 கலிஃபோர்னியா: தொகுதி 271, மாநில அளவு 90, கட்சித் தலைவர் ஒதுக்கீடு 54, மொத்தம் 415.

இப்ப வாரன் கதை. 15% ஓட்டு வாங்காதவருக்கு டெலிகேட் இல்லைங்கற வரம்பை ஒவ்வொரு பெட்டிக்கும் (ஒவ்வொரு தொகுதி, மாநில அளவு, தலைவர் ஒதுக்கீடு) தனித்தனியா வெக்கறாங்க. மாநிலம் முழுக்க எடுத்தா அவருக்கு 13%, வரம்புக்குக் கீழ. அதனால 90-லயும் 54-லயும், ஆக 144-ல சுழியம். ஆனா சில தொகுதியில மட்டும் 15% தாண்டியிருந்தார். அங்கிருந்து 11 டெலிகேட் கிடைச்சுது. 'வாரனுக்கு ஒண்ணுமே இல்லை'ன்னு விடைத்தாள்ல எழுதிடாதீங்க, எவனாவது ஒரு பையன் கண்டுபிடிச்சுருவான்.

பெட்டிக்குள்ள பங்கு போடற முறை. 6 டெலிகேட் உள்ள தொகுதி, 1,00,000 ஓட்டுன்னு வெச்சுக்குங்க. 'அ' 34,000, 'ஆ' 26,000, 'இ' 16,000, 'ஈ' 14,000, 'உ' 10,000. 15% தாண்டாத ஈ, உ ரெண்டு பேரையும் அடிச்சுடுங்க. அவங்க ஓட்டையும் மொத்தத்துல இருந்து கழிச்சுடுங்க. இதைத்தான் நெறைய பேர் விட்டுடறாங்க. மிச்சம் 76,000. அ: 34/76 × 6 = 2.68. ஆ: 2.05. இ: 1.26. முழு எண்ணை மட்டும் கொடுத்தா 2, 2, 1. ஒண்ணு மிச்சம். தசமம் பெருசா இருக்கற அ-வுக்கு அது போகும். 3, 2, 1.

இப்ப இதே தொகுதியில 'இ' 14,900-ல நின்னுட்டார், அந்த 1,100 ஓட்டு 'உ'வுக்குப் போயிருச்சுன்னு வைங்க. அ, ஆ ரெண்டு பேர் ஓட்டிலும் ஒண்ணுகூட மாறலை. பங்கு போடற மொத்தம் 60,000. அ: 3.4. ஆ: 2.6. முழு எண் 3, 2. மிச்சம் ஒண்ணு ஆ-வுக்கு. 3, 3. மூணாவது ஆள் வரம்புக்குக் கீழ விழுந்தா முதலாவது ஆளுக்கு லாபம்னு டிவியில சொல்லுவாங்க. இந்தத் தொகுதியில லாபம் ரெண்டாவது ஆளுக்கு. தொகுதிக்கு எத்தனை டெலிகேட்ங்கறதைப் பாக்காம யாருக்கு லாபம்னு சொல்லவே முடியாது.

யாருமே 15% தாண்டலைன்னா? முதல்ல வந்தவரோட விகிதத்தை வெச்சு வரம்பு கீழ இறங்கும். பத்துப் பன்னண்டு பேர் நிக்கற வருஷத்துலதான் அந்த விதிக்கு வேலை.

நெவாடாவைத் தனியாச் சொல்றேன், அதுல இன்னொரு சங்கதி இருக்கு.

ஊத்துக்குளி_வெண்ணெய் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? கடைசியில சூப்பர் டெலிகேட்டுகதானே முடிவு பண்றாங்க.

நொய்யல்கரை எழுதியது:

இல்லீங்க. 1968-ல ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிக்காமலே வேட்பாளர் ஆனார். அந்தக் கோபத்துலதான் மெக்கவர்ன்-ஃப்ரேசர் கமிஷன் வந்து பிரைமரிக்கு முதுகெலும்பு கொடுத்துச்சு. அது அளவுக்கு மீறிப் போயிருச்சுன்னு நெனச்சவங்க 1982-ல ஹன்ட் கமிஷன் மூலமா எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகளுக்கு நேரடி இடம் கொடுத்தாங்க. அதுதான் சூப்பர் டெலிகேட், 1984-ல இருந்து. ஆனா 2018-ல மறுபடியும் விதியை மாத்திட்டாங்க. போட்டி இருந்தா மாநாட்டு ஓட்டெடுப்போட முதல் சுற்றுல அவங்களுக்கு ஓட்டு இல்லை. 2020-ல முதல் சுற்றுல ஜெயிக்க 1,991 டெலிகேட், அத்தனையும் பிரைமரி, காக்கஸ் வழியா வந்தவங்களா இருக்கோணும். யாருக்கும் பெரும்பான்மை வராம ரெண்டாவது சுற்று போனாத்தான் சூப்பர் டெலிகேட்டுக்கு வேலை. ரெண்டாவது சுற்று வரைக்கும் போன கடைசி மாநாடு 1952.

இப்ப நெவாடா. காங்கிரஷனல் டிஸ்ட்ரிக்ட்டுங்கறது நம்ம எம்.பி. தொகுதி. ஈரோட்டுக்கு 4 டெலிகேட், கரூருக்கு 5, ரெண்டிலும் லட்சம் லட்சம் ஓட்டுன்னு வைங்க. ரெண்டே பேர் போட்டி. ஈரோட்டுல அ 60,000, ஆ 40,000. கணக்கு 2.4, 1.6. முழு எண் 2, 1, மிச்சம் ஆ-வுக்கு. 2-2. கரூர்ல அ 49,000, ஆ 51,000. கணக்கு 2.45, 2.55. 2-3. மொத்த ஓட்டு அ 1,09,000, ஆ 91,000. டெலிகேட் அ 4, ஆ 5.

இரட்டைப்படைத் தொகுதியில 2-2-ஐ உடைச்சு 3-1 ஆக்க 62.5% தாண்டோணும். ஆறு இருந்தா 58.3%. ஒற்றைப்படையில பாதிக்கு மேல ஒரு ஓட்டு இருந்தாப் போதும். ஒபாமா குழு 2008-ல இதைப் பாத்துத்தான் எங்க காசு செலவு பண்றது, எங்க ஆள் விடறதுன்னு முடிவு பண்ணுச்சு. நெவாடாவில் லாஸ் வேகாஸ் பக்கம் கிளின்டன் நல்லா ஜெயிச்சும் டெலிகேட் சரிபாதி பிரிஞ்சுது. வடக்கே ரீனோவும் கிராமப்புறமும் சேர்ந்த தொகுதியில ஒத்தை டெலிகேட் ஒபாமா பக்கம் சாஞ்சுது. 13-12 என்பது காக்கஸ் அன்னைக்கு இருந்த கணக்கு. இன்னொண்ணு, நீங்க சொன்ன 51-45 தலை எண்ணிக்கையே இல்லை, அடுத்த கட்ட மாநாட்டுக்கான டெலிகேட் விகிதம்.

இதைவிடப் பளிச்சுனு ஒரு உதாரணம் வேணும்னா 2008 பிப்ரவரி 5. நியூஜெர்சியில பத்து லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து கிளின்டன் ஜெயிச்சார்: 59-48, ஆதாயம் 11. அதே நாள் ஐடஹோ காக்கஸுக்கு வந்தது இருபதாயிரத்துச் சொச்சம் பேர். ஒபாமாவுக்கு 80% அளவுக்கு ஓட்டு, 15-3, ஆதாயம் 12. சின்ன மாநிலத்துல பெரிய வித்தியாசம், பெரிய மாநிலத்துல சின்ன வித்தியாசத்தை முழுங்கிருச்சு. வினாடி வினாவுக்கு நெவாடாவைவிட இது நல்ல கேள்வி.

காங்கயம்_காளை எழுதியது:

ரிபப்ளிகன் பக்கம். இங்க வரம்பு, விகிதம் எல்லாம் மாநிலக் கட்சி கையில். தேசியக் கட்சி வேலி மட்டும்தான் போடும்.

டெலிகேட் எண்ணிக்கை: மாநிலத்துக்கு 10, எம்.பி. தொகுதிக்கு 3, தேசியக் குழு உறுப்பினர் 3 பேர். மேல போனஸ்: போன அதிபர் தேர்தல்ல கட்சிக்கு ஓட்டுப் போட்ட மாநிலம், கவர்னர் பதவி, செனட்டர் இப்படி. 2024 கலிஃபோர்னியா: 52 தொகுதி × 3 = 156, கூட 13, மொத்தம் 169. போனஸ் ஒண்ணும் இல்லை, அது டெமாக்ரட் கோட்டை.

தொகுதிக்கு 3 என்பதுல ஒரு கூத்து. டெமாக்ரட் கட்சி தனக்கு பலமான தொகுதிக்கு அதிக டெலிகேட் கொடுக்கும். ரிபப்ளிகன் கட்சி எல்லாத்துக்கும் 3. சான் பிரான்சிஸ்கோ நகரத்துல ரிபப்ளிகன் ஓட்டு கைக்கடக்கம், அதுக்கும் 3. கட்சி கோட்டையா இருக்கற உள்நாட்டுத் தொகுதிக்கும் அதே 3. தொகுதி வாரியா பங்கு போடற மாநிலத்துல சான் பிரான்சிஸ்கோ மாதிரி இடத்து ஒரு ஓட்டுக்கு மதிப்பு பல மடங்கு.

தேதிதான் முக்கிய வேலி. மார்ச் 15-க்கு முன்ன நடந்தா விகிதாசாரம் கட்டாயம், வரம்பு 20% வரை வெக்கலாம். அதுக்கு அப்பறம் நடந்தா மொத்தத்தையும் ஒருத்தருக்கே கொடுக்கலாம். 2016 மார்ச் 15 அன்னைக்கே ஃப்ளோரிடா 99-ம் டிரம்புக்கு, 45.7% ஓட்டுல. ஓஹையோ 66-ம் கேசிக்குக்கு.

அப்பறம் தெற்கு கரோலினா எப்படி பிப்ரவரியிலயே மொத்தமும் கொடுத்துச்சு? முதல்ல நடத்த அனுமதி உள்ள நாலு மாநிலத்துல அது ஒண்ணு (அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா மத்தது), அந்த விதி அதைக் கட்டுப்படுத்தலை. அங்க முறை இது: மாநிலத்துல முதல் வந்தவருக்கு 29. 7 தொகுதி, ஒவ்வொண்ணுலயும் முதல் வந்தவருக்கு 3, ஆக 21. டிரம்ப் 32.5%, ரூபியோ 22.5%, குரூஸ் 22.3%. எதிர் ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சு, ஏழு தொகுதியிலும் டிரம்ப் முதல். 50. ரூபியோ ஒரே ஒரு தொகுதியில முந்தியிருந்தா 47-3 ஆயிருக்கும்.

'விகிதாசாரம்'னு பேர் போட்டுட்டு உள்ளே ஓட்டை வெச்ச மாநிலங்கதான் அதிகம். ஒண்ணு, 50% தாண்டினா மொத்தமும் அவருக்கேங்கற விதி. கலிஃபோர்னியா 2023-ல இந்த விதியைக் கொண்டு வந்துச்சு, 2024 மார்ச் 5-ல டிரம்ப் 169-ஐயும் எடுத்தார். இன்னொண்ணு, 20% வரம்பை ஒரே ஆள் தாண்டினா அவருக்கே எல்லாம். பேர் விகிதாசாரம், பலன் வேற.

டெக்சஸ் 2016 நல்ல பாடம். 155-ல 47 மாநில அளவு, 36 × 3 = 108 தொகுதி. ரூபியோ 17.7%, 20%-க்குக் கீழ, அதனால 47-ல சுழியம். தொகுதியில பாதிக்கு மேல ஒருத்தர் வாங்கினா மூணும் அவருக்கு, இல்லைன்னா முதல் ஆளுக்கு 2, ரெண்டாவதுக்கு 1. ரூபியோவுக்கு மொத்தம் 3. குரூஸ் 104, டிரம்ப் 48.

மாறா அயோவா ரிபப்ளிகன் காக்கஸ்ல வரம்பே இல்லை. 2024-ல 40 டெலிகேட்: டிரம்ப் 51% வாங்கி 20, டிசான்டிஸ் 9, ஹேலி 8, நம்ம பாலக்காட்டுப் பூர்வீகம் விவேக் ராமசாமி 3. டெமாக்ரட் விதியா இருந்தா அவருக்கு ஒண்ணும் வந்திருக்காது.

அமராவதி_ஆறு எழுதியது:

காக்கஸ் பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. பிரைமரி என்றால் வாக்குச்சாவடி, ரகசிய வாக்கு, காலை முதல் இரவு வரை. காக்கஸ் என்றால் கட்சி நடத்தும் கூட்டம். குறித்த நேரத்துக்கு வந்தால்தான் உண்டு. ரிபப்ளிகன் காக்கஸ் எளிது: துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள், எண்ணுவார்கள், முடிந்தது. சிக்கல் எல்லாம் டெமாக்ரட் காக்கஸில்தான். 2020 அயோவாவை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வார்டில் 100 பேர் வந்திருக்கிறார்கள். அந்த வார்டுக்கு மாவட்ட மாநாட்டுக்கான இடம் 5. (4 இடமோ அதற்கு மேலோ இருந்தால் வரம்பு 15%. மூன்று இடம் என்றால் ஆறில் ஒரு பங்கு. இரண்டு என்றால் 25%.) ஆளுக்கொரு மூலையில் கூடி நிற்பார்கள். முதல் கணக்கு: அ 40, ஆ 27, இ 18, ஈ 10, உ 5. முதல் மூன்று அணிக்கும் வரம்பு கிடைத்துவிட்டது. 2020 விதிப்படி அவர்கள் இனி நகர முடியாது. ஈ, உ அணியின் 15 பேர் மட்டும் வேறு அணிக்குப் போகலாம், அல்லது சேர்ந்து ஒரு புது அணி அமைக்கலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். 12 பேர் இ பக்கம் போகிறார்கள், 3 பேர் கிளம்பிவிடுகிறார்கள். இறுதி: அ 40, ஆ 27, இ 30.

வாய்ப்பாடு: அணியின் எண்ணிக்கை × இடம் ÷ தொடக்கத்தில் வந்தவர்கள். கிளம்பிப் போன மூன்று பேரையும் சேர்த்து 100-ஆல்தான் வகுக்க வேண்டும், 97-ஆல் அல்ல. தன்னார்வலர்கள் தடுக்கி விழும் இடங்களில் இது ஒன்று. அ: 2.0. ஆ: 1.35, அதாவது 1. இ: 1.5, அதாவது 2. ஆக 2, 1, 2. முதல் சுற்றில் ஆ-வுக்குப் பின்னால் நின்ற இ, அவரைப் போல இரண்டு மடங்கு எடுத்துவிட்டார். முழு எண்ணாக்கியபின் கூட்டுத்தொகை 5-ஐத் தாண்டினால் யாரிடமிருந்தோ ஒன்றைப் பிடுங்க வேண்டும், ஆனால் ஓர் அணிக்கு இருக்கும் ஒரே இடத்தைப் பிடுங்கக் கூடாது. குறைந்தால் ஒருவருக்குக் கூட்ட வேண்டும். தசமமும் சமமாக இருந்தால் நாணயம் சுண்டுவார்கள். கேலிக்குச் சொல்வதில்லை, விதியே அதுதான்.

இதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வார்டுகளில் ஒரே இரவில் செய்து, செயலியில் ஏற்றச் சொன்னார்கள். செயலி படுத்துவிட்டது, தொலைபேசி இணைப்பும் நெரிசலில் சிக்கியது. முடிவு வரப் பல நாள் ஆனது. வந்தபோது மூன்று கணக்கு: முதல் அணி, இறுதி அணி, மாநில மாநாட்டு இடத்துக்கு இணையான எண். முதல் இரண்டிலும் சாண்டர்ஸ் முன்னால். மூன்றாவதில் பூட்டஜட்ஜ் மயிரிழையில், 26.2% – 26.1%. தேசிய டெலிகேட் மூன்றாவது கணக்கில்தான் என்பதால் பூட்டஜட்ஜ் 14, சாண்டர்ஸ் 12, வாரன் 8, பைடன் 6, க்ளோபுஷார் 1. 2024-இல் அயோவா டெமாக்ரட்டுகள் மூலையில் நிற்பதை விட்டுவிட்டுத் தபால் சீட்டுக்கு மாறினார்கள்.

ஒரே மாநிலத்தில் இரண்டும் நடக்கும் கூத்தும் உண்டு. 2008 டெக்சஸில் பிரைமரியில் கிளின்டன் 65-61 என வென்றார். அன்று மாலையே நடந்த காக்கஸ் வழியாக ஒபாமாவுக்கு 38-29. கூட்டினால் ஒபாமா 99, கிளின்டன் 94. 2024 நெவாடாவில் ரிபப்ளிகன்களுக்கு பிப்ரவரி 6-இல் அரசு நடத்திய பிரைமரி, 8-இல் கட்சி நடத்திய காக்கஸ். டெலிகேட் 26-ம் காக்கஸுக்கு மட்டும். பிரைமரியில் பெயர் கொடுத்த ஹேலி காக்கஸில் நிற்க முடியாது. அந்தப் பிரைமரியிலும் 'இவர்களில் யாரும் இல்லை' என்ற தேர்வு அவரை முந்திவிட்டது.

கோபி_வாய்க்கால் எழுதியது:

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஐடஹோ – நியூஜெர்சி கேள்வியா வெச்சுக்கறேன். கடைசியா ஒண்ணு: இந்த டெலிகேட் மனுசங்கதானே? மாநாட்டுல போய் மாத்திப் போட்டா என்ன ஆகும்? 2024-ல பைடன் விலகினப்ப அவர் டெலிகேட் எல்லாம் ஹாரிஸ் பக்கம் போனது எந்த விதியில?

காங்கயம்_காளை எழுதியது:

இடம் வேற, அதுல உக்கார்ற ஆள் வேற. பிரைமரி முடிவு பண்றது எத்தனை இடம் யாருக்குன்னு மட்டும். ஆளை மாநிலக் கட்சி மாநாடு தனியாத் தேர்வு பண்ணும். 2016-ல டிரம்ப் ஜெயிச்ச சில மாநிலத்துலயே குரூஸ் குழு தன் ஆளுகளை அந்த இடங்கள்ல உக்கார வெச்சுது. முதல் சுற்றுல டிரம்புக்குப் போட்டுத்தான் ஆகோணும், ரெண்டாவது சுற்று வந்தா கை மாறலாம்னு திட்டம். பெரும்பான்மைக்கு வேண்டிய 1,237-ஐ டிரம்ப் முன்னாலயே தாண்டிட்டதால அது பலிக்கலை. கொலராடோவில் பொது ஓட்டே வெக்காம மாநாடுகளிலேயே ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. 34-ம் குரூஸ் பக்கம். பென்சில்வேனியாவில் 71-ல 17 மட்டும் கட்டுப்பட்டவங்க. 54 பேர் யார் பக்கம்னு ஓட்டுச்சீட்டுலயே போடலை.

கட்டுப்பாடு இறுகினதுக்குக் காரணம் 2012 அயோவா. அன்னைக்கு ராத்திரி ராம்னி 8 ஓட்டுல முன்னாலன்னாங்க, அப்பறம் சான்டோரம் 34 ஓட்டுல முன்னாலன்னாங்க. மாநாட்டுல பாத்தா 28 பேர்ல 22 பேர் ரான் பாலுக்கு. அதனால 2016-ல இருந்து மாநில அளவுல ஓட்டு வெச்சா அந்த முடிவுக்கு டெலிகேட் கட்டுப்படோணும். டெலிகேட் எந்திரிச்சு வேற பேர் சொன்னாலும் மாநாட்டுச் செயலாளர் கட்டுப்பட்ட பேரைத்தான் பதிவு பண்ணுவார்.

நொய்யல்கரை எழுதியது:

டெமாக்ரட் கட்சியில அப்படி இறுக்கமான பூட்டு இல்லைங்க. தங்களைத் தேர்ந்தெடுத்தவங்களோட எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்கோணும்னுதான் விதி. பூட்டுக்குப் பதிலா வடிகட்டி இருக்கு: தன் பேர்ல நிக்கற டெலிகேட் பட்டியலைப் பாத்து வேண்டாதவங்களை வேட்பாளர் அடிச்சுடலாம். அதனால வர்றவங்க பெரும்பாலும் அவரோட சொந்த ஆளுக.

2024 ஜூலை 21-ல பைடன் விலகினதும் அந்த டெலிகேட் எல்லாரும் சுதந்திரமாயிட்டாங்க. ஹாரிஸ் பேருக்கு மாத்து உத்தரவு எதுவும் இல்லை. பைடன் ஆதரவு சொன்னது வேண்டுகோள்தான். போட்டியில பேர் வரோணும்னா 300 டெலிகேட் கையெழுத்து, ஒரே மாநிலத்துல இருந்து 50-க்கு மேல கூடாது. ஹாரிஸ் மட்டும்தான் அதைத் தாண்டினார். ஆகஸ்ட் 5-ல இணையவழி ஓட்டு முடிஞ்சுது.

நடுவுல விலகறவங்க கணக்கையும் கேட்டுக்குங்க, பசங்க கேப்பாங்க. டெமாக்ரட் விதிப்படி விலகினவர் தொகுதி டெலிகேட்டை வெச்சுக்கலாம், மாநில அளவு டெலிகேட்டை மட்டும் களத்துல இருக்கறவங்களுக்குப் பிரிச்சுடுவாங்க. 2020-ல சாண்டர்ஸ் விலகினப்ப அதையும் வெச்சுக்க பைடன் தரப்பு ஏப்ரல் 30-ல தனியா ஒப்பந்தம் போட்டுச்சு. ரிபப்ளிகன் பக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வேற, பொது விடை எழுதினா மதிப்பெண் கொடுக்காதீங்க.